பரதேசி படம் முடிஞ்சப்புறம் சுங்கை சிப்புட்ல நடந்த பேச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல ஒரு கோயில் மண்டபத்துல, டைரக்டர் பாலா தோட்டக் கூலிங்களப் பத்தி எடுத்த பரதேசி படத்தப் போட்டு, முடிஞ்சதும் பாத்தவங்கள பேச வெச்சோம். அங்க என்ன நடந்துச்சு, யாரு என்ன சொன்னாங்கன்னு முடிஞ்ச வரைக்கும் முழுசா எழுதுறேன், ஏன்னா தெலுக் இந்தான் பக்கமும் பாகான் டத்தோ பக்கமும் இதே மாதிரி செய்யணும்னு சிலர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பேசுனவங்க பேரு எதையும் போடல, எந்த எஸ்டேட்டுன்னும் சொல்லல. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: அந்தப் படத்தப் பாத்து அழறது ரொம்ப சுலபம், எல்லாரும் அழுதாங்க, ஆனா நமக்குத் தேவையான பேச்சு அழுகையில இருந்து வரல, படத்தோட ஒத்துப்போகாத எடத்துல இருந்துதான் வந்துச்சு.

மொதல்ல ஊரப் பத்தி கொஞ்சம். டவுனச் சுத்தி ஒரு காலத்துல எல்லாமே ரப்பர், இப்ப பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. லயத்துல (தோட்டத்துத் தொழிலாளிங்களோட வரிசை வீடு) பொறந்தவங்க நெறைய பேரு இப்ப தாமான் வீட்டுல (டவுன் குடியிருப்பு) இருக்காங்க, பிள்ளைங்க ஈப்போவுலயும் கோலாலம்பூர்லயும் வேலை. 1948 ஜூன் 16-ல வெள்ளைக்கார தோட்ட அதிகாரிங்க மூணு பேர இந்த ஊர்ப்பக்கம் சுட்டுக் கொன்னுதான் எமர்ஜென்சி, காட்டுல இருந்த கம்யூனிஸ்டுங்களுக்கு எதிரான அவசரகாலம், ஆரம்பிச்சுது, அது 1960 வரைக்கும் போச்சு. மந்திரியா இருந்த மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் ஜெயிச்ச தொகுதியும் இதுதான். எஸ்டேட்டுங்கள துண்டு துண்டா வித்து தொழிலாளிங்கள தெருவுல நிறுத்துன காலத்துல, 1960-ல அவரு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தொழிலாளிங்ககிட்ட பத்து வெள்ளி பத்து வெள்ளியா சேத்துத் தோட்டம் வாங்குன கதை இங்க வயசானவங்க எல்லாருக்கும் தெரியும். அதனால இது சரித்திரம் தெரியாத ஊருன்னு யாரும் நெனைக்க வேணாம். தெரியும், ஆனா வீட்டுக்குள்ள பேசுறதில்ல.

படத்தப் பாக்காதவங்களுக்கு: 2013 மார்ச்சுல வந்துச்சு. டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல இங்கிலீஷ்ல எழுதுன ரெட் டீங்கிற நாவல வெச்சு எடுத்தது, அந்த நாவல இரா. முருகவேள் எரியும் பனிக்காடுன்னு தமிழ்ல கொண்டுவந்தாரு. டேனியல் வால்பாறை பக்கம் தேயிலைத் தோட்டத்துல டாக்டரா இருந்து, பாத்ததையும் தொழிலாளிங்ககிட்ட கேட்டதையும் வெச்சு எழுதுனவரு. படத்துல 1939, பஞ்சம் புடிச்ச கிராமம், ராசான்னு ஒரு வெள்ளந்திப் பையன், தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற கங்காணி வந்து ஆச காட்டி கைநாட்டு வாங்கி ஊர் சனத்தையே நடத்தியே மலைக்குக் கூட்டிட்டுப் போறான். அங்க போனா கடன், அடி, நோய், ஓடுனா கால் நரம்ப வெட்டுறது. அதர்வா, வேதிகா, தன்ஷிகா நடிச்சிருப்பாங்க. உடை வடிவமைப்புக்கு தேசிய விருது கெடைச்ச படம்.

படம் ஓடும்போது

மண்டபம் நெறைஞ்சு பின்னாடி நின்னு பாத்தவங்களும் இருந்தாங்க. மூணு வகையா ஆளுங்க: பால் மரம் வெட்டுன, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுத்த, எழுபது எண்பது வயசுக்காரங்க, லயத்துல பொறந்து ஃபேக்டரிக்கும் லோரிக்கும் போன அம்பது வயசுக்காரங்க, ஃபார்ம் ஃபைவ் காலேஜ்னு படிக்கிற பிள்ளைங்க. சில பிள்ளைங்களுக்கு அந்தப் பேச்சுத் தமிழே கொஞ்சம் கஷ்டம், பக்கத்துல உக்காந்த பாட்டிங்கதான் காதுல சொல்லிட்டு இருந்தாங்க, அது கடைசியில நல்லதாவே முடிஞ்சுது, வீட்டுக்குள்ள ஒரு பேச்சு அங்கேயே ஆரம்பிச்சிருச்சு.

மொத பாதியில ஊர்க்காட்சிக்கு நல்லா சிரிச்சாங்க. நடந்து போற காட்சியில மண்டபமே அமைதியாயிருச்சு. கால் நரம்ப வெட்டுற எடத்துல சின்னப் பசங்க சிலர் எழுந்து வெளிய போனாங்க. ஆனா சத்தமா குரல் வந்தது எங்கன்னா சம்பளம் போடுற காட்சியில. வருசம் பூரா ஒழைச்சவன நிக்க வெச்சு, கங்காணிக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, வைத்தியனுக்கு இவ்வளவுன்னு கழிச்சுக் கழிச்சு கையில ஒண்ணுமில்லாம அனுப்புறப்ப, முன் வரிசை தாத்தா ஒருத்தரு "ஆமா, அதுக்கும் புடிச்சான், அதுக்கும் புடிச்சான்"னு திரையப் பாத்தே பேச ஆரம்பிச்சிட்டாரு, அவரு பக்கத்துல இருந்தவரும் சேந்துக்கிட்டாரு. யாரும் அவங்கள அடக்கல.

கடைசியில ராசாவத் தேடி, அவன் காதலிச்ச அங்கம்மாவும் அவங்க புள்ளையும் புதுசா வர்ற கூட்டத்தோட அதே மலைக்கு வந்து சேர்ற காட்சிக்கு அழாதவங்க யாரும் இல்ல. லைட் போட்டதும் கண்ணத் தொடச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மாவே உக்காந்திருந்தாங்க.

மைக்ல வந்த பதிலும் டீக்கு அப்புறம் வந்த பதிலும்

பேச்ச நடத்துன தம்பி மைக்க நீட்டி படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. "நல்லா இருந்துச்சு", "மனசு கனத்துப் போச்சு", "நம்ம முன்னோர்கள் ரொம்ப கஷ்டப்பட்டாங்க". எல்லாமே உண்மைதான், ஆனா எல்லாரும் ஒரே வார்த்தையச் சொன்னாங்க. மைக் கைக்கு வந்தாலே நம்ம சனம் மேடைப் பேச்சுக்குப் போயிருவாங்க, அதுவும் தலைவருக்கு முன்னாடின்னா கேக்கவே வேணாம்.

டீயும் வடையும் வந்தப்புறம்தான் மாறுச்சு. கிளினிக்ல வேலை பாத்த ஒரு அக்கா, எண்பது தாண்டுன ஒரு பாட்டிகிட்ட போயி, படத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம, "பாட்டி, உங்க எஸ்டேட்ல சம்பள நாளு எப்படி இருக்கும்?"னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

"ஆபிஸ் வராண்டாவுல வரிசையா நிப்போம்மா. கிராணி (கணக்கரு) பேரு கூப்புடுவாரு. வாங்கிட்டுத் திரும்புனா கடைக்காரரு புத்தகத்த விரிச்சு வெச்சிக்கிட்டு கேட்டாண்ட நிப்பாரு. அந்தப் பக்கம் தவரணை, கள்ளுக்கடை. கைக்கு வந்த காசு கேட்டத் தாண்டாது."

அதுக்கப்புறம் சுத்தி ஆள் சேந்துருச்சு. ஒரு பையன் படத்துல தேயிலை கிள்ளுறாங்களே, நீங்களும் அப்படியான்னு கேட்டான். பாட்டிக்கு லேசா கோவமே வந்துருச்சு. அவன் சட்டைப் பையில இருந்த பேனாவ உருவி, எழுந்துபோயி மண்டபத் தூண்ல வெச்சுக் காட்டுனாங்க. எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ, சரிவா ஒரு கோடு. உளிய இழுக்கும்போது மணிக்கட்டு மட்டும்தான் அசையணும், பட்டை காகிதம் மாதிரி சுருண்டு வரணும், ஆழமா போனா மரத்துக்குக் காயம், காயம் பட்டா அந்த எடத்துல பட்டை முண்டு முண்டா வளரும், மறுபடியும் அங்க வெட்ட முடியாது, வேலைய மேற்பாக்குற தண்டல் பாத்தா திட்டு. விடியறதுக்கு முன்னாடி தலையில விளக்கு கட்டிக்கிட்டு போயிரணும், ஏன்னா குளிர்ச்சியா இருக்கும்போதுதான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறுனா உறைஞ்சிரும். அப்புறம் மரத்துல கட்டுன மங்குல (கோப்பை) இருந்து மங்கு மங்கா ஊத்தி, தோள்ல தடி போட்டுத் தூக்குற காண்டா வாளியில தூக்கிட்டு ஸ்டோருக்கு. கோட்டுல காஞ்ச ஒட்டுப்பாலக்கூட உரிச்சு மூட்டையில கட்டணும். "எலை கிள்ளுறது வேற, இது வேற தொழிலு"ன்னாங்க. அந்தப் பாட்டி படத்துக்கு அழுதவங்கதான், ஆனா தூண்கிட்ட நின்னப்ப அவங்க முகத்துல பெருமதான் இருந்துச்சு. நம்ம பாட்டனும் பாட்டியும் பட்டதையே சொல்லிச் சொல்லி, அவங்களுக்குக் கைத்தொழில் தெரியும்ங்கிறத நாமளே மறந்துட்டோம்னு எனக்குப் பட்டுச்சு.

ஏன் ஓடல?

பிள்ளைங்க அதிகமா கேட்ட கேள்வி இது. படத்துல ராசா ஓடுறான், புடிச்சு வெட்டிப்புடுறாங்க. இங்க அப்படி காவல் இருந்துச்சா?

அங்க இருந்த ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருத்தரு இதுக்கு நல்லா வெளக்கம் சொன்னாரு. மலாயாவுல மொதல்ல ஒப்பந்தக் கூலி முறை, ஒப்பந்தத்த மீறி ஓடுனா சட்டப்படி தண்டனை. அது 1910-ல நிறுத்தப்பட்டுச்சு. அதுக்கும் கொஞ்சம் முன்னாடியே, 1907-ல, தோட்ட மொதலாளிங்ககிட்ட வரி வசூலிச்சு ஒரு குடியேற்ற நிதி ஆரம்பிச்சு, கப்பல் செலவ அதுலேருந்து குடுத்தாங்க. அதனால கங்காணி வழியா வந்த ஆளு, காகிதத்துல பாத்தா கடனில்லாத ஆளு, ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டுப் போகலாம். 1938-ல இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு மலாயா அனுப்புறதையே தடை பண்ணிருச்சு. ஆக படம் நடக்குற 1939-ல இங்க கங்காணி ஆள் சேத்து கப்பல் ஏத்துறது முடிஞ்சுபோன கதை. படம் பொய்னு அவரு சொல்லல, படம் வால்பாறை மாதிரி மலையப் பத்தினது, நம்ம கதை நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி பினாங்குல எறங்குன கதை, ரெண்டையும் ஒண்ணா கலக்கக்கூடாதுன்னுதான் சொன்னாரு.

"அப்ப போகலாம்னா ஏன் சார் போகல?"ன்னு ஒரு பொண்ணு விடல.

அதுக்கு பதில் பாட்டிதான் சொன்னாங்க. "வீடு யாரு வீடு? தொர வீடு. வேலைய விட்டா வீட்டக் காலி பண்ணணும். பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டாய், டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம், கோயிலு எல்லாம் அதுக்குள்ளதானே. வெளிய போனா யாரத் தெரியும் எங்களுக்கு?" கொஞ்சம் நிறுத்திட்டு, எமர்ஜென்சியில தான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப லயத்தச் சுத்தி முள்கம்பி போட்டதையும், கேட்டுல ஆளத் தடவிப் பாத்து, காட்டுல இருக்குறவங்களுக்குப் போயிரும்னு ஒரு புடி சோறு கூட வெளிய கொண்டுபோக விடாததையும் சொன்னாங்க. அம்மா பசியோடவே மரம் வெட்டிட்டு வந்து சாப்புட்டதத்தான் அவங்களுக்கு மறக்க முடியல.

எனக்கு இந்தப் பதில் முக்கியமா படுது. கால் நரம்ப வெட்டுற காட்சி ஒரு தடவ பாத்தா மறக்காது, ஆனா வீட்டையும் வேலையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா ஆளு தானா நின்னுருவான், அத ஒரு காட்சியா எடுக்குறது கஷ்டம். எஸ்டேட்ட வித்தப்ப, செம்பனைக்கு மாத்துனப்ப, நம்ம சனம் வேலையோட சேத்து வீட்டையும் எழந்து நின்னதுக்கும் காரணம் இதேதான்.

கங்காணி

இனிமேதான் அன்னிக்கு நடந்ததுல பெருசு. லோரி ஓட்டுற அண்ணன் ஒருத்தரு, அம்பது வயசு இருக்கும், படம் முடிஞ்சதுலேருந்தே கோவமா இருந்தாரு. "வெள்ளைக்காரன விடுங்க, அவன் அந்நியன். நம்மள வித்தது நம்மாளு. கங்காணி. அவன் தலைக்கு இவ்வளவுன்னு காசு வாங்குனான். அந்தக் குடும்பங்கதான் இன்னிக்கும் பெரிய மனுசங்களா சுத்துறாங்க"ன்னு நல்லா சத்தமாவே சொன்னாரு. ஆமான்னு நெறைய பேரு தலையாட்டுனாங்க.

வாத்தியார் கைய தூக்குனாரு. "தம்பி, எங்க தாத்தா கங்காணி."

யாரும் எதுவும் பேசல. அவரே தொடர்ந்தாரு. தாத்தா மொதல்ல கூலியா வந்தவரு, தொர நம்பிக்கையாகி, லைசென்ஸ் குடுத்து ஊருக்கு அனுப்பியிருக்காங்க, சொந்த ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் ஒறவுக்காரங்களையே கூட்டிட்டு வந்திருக்காரு. ஆள் சேத்ததுக்கு கமிஷன், அதுக்கப்புறம் அவரு ஆளுங்க வேலைக்கு எறங்குற நாளுக்கெல்லாம் தலைக்காசு. ஒருத்தன் காய்ச்சல்ல படுத்தா கங்காணிக்கும் அன்னிக்கு நட்டம், அதனால காய்ச்சல்னாலும் பெரட்டுக்கு (காலையில பேரு கூப்புடுற வரிசை) வாடான்னு கதவத் தட்டுறது. வீட்டுல கோட்டும் தலைப்பாவும் போட்ட தாத்தா போட்டோ ஒண்ணு இருக்காம், சின்ன வயசுல அதப் பெருமையா காட்டுவாராம். அப்பா சாவுக்கு வந்த ஒரு வயசான அம்மா அந்த வீட்டுல தண்ணி கூட குடிக்காம போனாங்களாம், ஏன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் அத்தை ஒருத்தவங்க இதெல்லாம் சொன்னாங்களாம்.

லோரி அண்ணனுக்கு சங்கடமாயிருச்சு. "சார், நான் உங்கள சொல்லல சார்."

"என்னையும் சேத்துத்தான் சொல்லணும் தம்பி. அந்தக் காசுலதான் எங்கப்பா படிச்சாரு, அவரு படிச்சதாலதான் நான் படிச்சேன்."

அண்ணன் உக்காந்துட்டாரு. சமாதானம் ஆனாங்கன்னு நான் எழுத மாட்டேன், அப்படி ஒண்ணும் ஆகல, ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் வீட்டுக்குப் போனாங்க. ஆனா அந்த மண்டபத்துல அதுக்கப்புறம் யாரும் கங்காணிய ஒரே வார்த்தையில ஏசல. இன்னொரு பாட்டி எழுந்து, கங்காணி வராம இருந்தா எங்கம்மா ஊருலயே பட்டினியில போயிருப்பான்னு சொன்னாங்க. நான் அத முழுசா ஏத்துக்கல, பட்டினியக் காட்டித்தான் ஆளப் புடிச்சாங்க, பட்டினியே அவனுக்கு மொதலு. ஆனா அம்மா உசுரு பொழச்சத நெனச்சு பேசுறவங்ககிட்ட போயி இதச் சொல்ல எனக்கு வாய் வரல.

படத்துல வர்ற கங்காணி ஊருக்கு வெளியிலேருந்து வர்றவன், பேச்சுல மயக்கி கூட்டிட்டுப் போறவன், அதனால அவன வெறுக்குறது ஈஸி. மலாயாவுக்கு ஆள் சேத்தவன் பெரும்பாலும் மாமன் மச்சான், அதே சாதி, அதே தெரு. நம்பிக்கைதான் அவனுக்கு சரக்கு. இந்த வித்தியாசம் படத்தத் தனியா வீட்டுல பாத்தா தோணாது, கங்காணி பேரனும் கூலி பேரனும் ஒரே மண்டபத்துல உக்காந்ததாலதான் வெளிய வந்துச்சு.

டாக்டர் வர்ற காட்சி

படத்துல தோட்டத்துக்கு வர்ற டாக்டர் ஆடிப் பாடி மதம் மாத்துற பாட்டு வர்ற எடம் பத்தி சுருக்கமா. மண்டபத்துல ஒரு கிறிஸ்துவக் குடும்பம் இருந்தாங்க, அந்த அம்மா ரொம்ப பதமா, எங்க லயத்துல ஜப்பான்காரன் காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது எங்க சபை ஆளுங்கதான், படத்துல அவங்கள இப்படி ஆட்டம் போட வெச்சது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சுன்னு சொன்னாங்க. நியாயமான வார்த்தை. நாவல எழுதுன டேனியலே டாக்டரு, அவரு இல்லன்னா இந்தக் கதையே நமக்குக் கெடைச்சிருக்காது. கோயில் கமிட்டி ஆளு ஒருத்தரு எழுந்து, அந்தம்மா சொல்றது சரின்னு சொன்னாரு.

சமையக்கட்டுல

தன்ஷிகா நடிச்ச மரகதத்தையும் அவ பொண்ணையும் பத்தி ஆம்பளைங்க யாரும் மைக்ல பேசல, தொர பொம்பளைங்ககிட்ட நடந்துக்குற காட்சியப் பத்தியும் ஒரு வார்த்தை வரல. ஆனா பாத்திரம் கழுவுற எடத்துல பொம்பளைங்க அத மட்டும்தான் பேசிட்டு இருந்தாங்க. அங்க சொன்னத இங்க எழுதப் போறதில்ல. ஒரு பெரியம்மா மட்டும், "பேரு எழுதாத, எஸ்டேட்டு எழுதாத, நடந்துச்சுன்னு மட்டும் எழுது. பெரட்டுல நின்ன எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்கல"ன்னு சொன்னாங்க. எழுதிட்டேன். சம்பளத்தப் பத்தியும் அவங்கதான் நெனவுபடுத்துனாங்க, ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலி. 1920-கள் கடைசியில நெர்ணயிச்சது ஆம்பளைக்கு நாளைக்கு 50 காசு, பொம்பளைக்கு 40 காசு, வெலை விழுந்த காலத்துல அதையும் கொறச்சாங்க. மரம் ரெண்டு பேருக்கும் ஒரே மரந்தான்.

இனி செய்றவங்களுக்கு

படம் நல்லா இருந்துச்சான்னு கேக்காதீங்க. சம்பள நாளு, மொத நாள் வேலை, ஆயாக் கொட்டாய்ல யாரு பாத்துக்கிட்டாங்க, சாமான் எங்க வாங்குனீங்க, இப்படி வேலையையும் வீட்டையும் கேளுங்க. மைக்க ஓரமா வெச்சிருங்க. தலைவர் உரைய படத்துக்கு முன்னாடியே முடிச்சிருங்க. டீய படம் முடிஞ்ச ஒடனே குடுங்க. பொம்பளைங்க பேசுறதுக்கு ஒரு தனி எடம் கட்டாயம் வேணும், அங்க ஃபோன்ல ரெக்கார்டு பண்ணாதீங்க. ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போயி திரும்பாத அப்பன் பாட்டனப் பத்தி கண்டிப்பா யாராவது ஆரம்பிப்பாங்க, இங்கயும் ஒரு தாத்தா ஆரம்பிச்சு முடிக்க முடியாம உக்காந்துட்டாரு. 1942-43-ல 415 கிலோமீட்டர் பாதைக்கு ஆசியத் தொழிலாளிங்க பத்தாயிரக்கணக்குல செத்தாங்க, அதுல தோட்டத்துத் தமிழங்க எத்தன பேரு. அத இந்தப் படத்தோட ஒட்டி அவசரமா பேச முடியாது, அதுக்குத் தனியா ஒரு நாளு வெச்சிருங்க.

இங்க அதுக்கப்புறம் நடந்தது: ஃபார்ம் ஃபைவ் படிக்கிற ஒரு பொண்ணு, ஸ்கூல் சரித்திர புத்தகத்துல எங்களப் பத்தி கொஞ்சம்தான் இருக்கு, எங்க தாத்தாவோட அப்பா பேரே எனக்குத் தெரியலன்னு சொல்லி, அவங்க தாத்தாவயே ஒக்கார வெச்சு பேரு, ஊரு, யாரோட வந்தாங்கன்னு எழுத ஆரம்பிச்சா. அதப் பாத்து இன்னும் சில பிள்ளைங்க சேந்துட்டாங்க. குடியுரிமை கெடைக்காம இன்னும் சிவப்பு ஐசியோடவே (அடையாள அட்டை) இருக்குற பாட்டிங்க பேரத்தான் மொதல்ல எடுக்குறாங்க, அவங்களுக்கு வயசாயிருச்சு. எஸ்டேட் ஆபிஸ் செக்ரோல் (ஆள் கணக்குப் புத்தகம்) எதுவும் கைக்கு வரல, அதனால பழைய எஸ்டேட் கோயிலுங்கள்ல சுவத்துல வெட்டியிருக்குற உபயக்காரங்க பேரையும் கல்லறைத் தேதியையும் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க.

அந்தப் பட்டியல்ல கங்காணி யாரு, கூலி யாருன்னு எழுதணும்னு வாத்தியார் கேக்குறாரு, தன் தாத்தா பேருக்குப் பக்கத்துல மொதல்ல அத எழுதுங்கன்னும் சொல்லிட்டாரு. ரெண்டு குடும்பம் வேணாம்னு சொல்றாங்க, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க இருக்கு, ஊர் பேசும்னு பயப்படுறாங்க. எழுதணும்ங்கிறதுதான் என் கருத்து, ஆனா அவங்க சம்மதம் இல்லாம எழுத முடியாது. லோரி அண்ணன் அந்த ரெண்டு வீட்டுக்கும் நானே போயி பேசுறேன்னு சொல்லியிருக்காரு.